ஓடை நோட்டும் நான் படிக்காத குறிப்பும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் நான் வார்த்தை தேடவே வேண்டாம், தானாக வந்து விழும். நன்றி சொல்ல வேண்டுமென்றால்தான் ஒரு வார்த்தையும் கிடைக்காது. அப்படிப்பட்டவள் உட்கார்ந்து, ஓடைப் பாலத்தில் தண்ணீர் மட்டம் பார்க்கிற ஓர் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். நேரில் ஒரு தடவை நன்றி சொல்லிப் பார்த்தேன். "அட போம்மா, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதனால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

என் வேலை, வறட்சி வருமா என்று முன்கூட்டிச் சொல்வது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஆபீஸ். ஆபீஸ் என்றால் இரண்டு கம்ப்யூட்டர், அடிக்கடி கத்தும் ஒரு யுபிஎஸ், நான். எனக்கு மேலே ஒரு சார் உண்டு, அவர் திருச்சியில் இருந்துகொண்டு போனில் வேலை வாங்குவார். கீழே மருந்துக்கடைக்காரர் நான் படியேறும்போதெல்லாம் "மேடம், ஜோசியம் என்ன சொல்லுது?" என்பார். ஜோசியம் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று தெரிந்தேதான் சொல்வார்.

ஜோசியம் இல்லை. வானிலைக் கணிப்பு நிலையங்கள் வரப்போகும் மாதங்களின் மழையை ஒரே கணக்காகச் சொல்வதில்லை. ஐம்பது விதமாகக் கணக்குப் போட்டு அனுப்பும். ஒன்றில் கார்த்திகை முழுக்கக் கொட்டும், இன்னொன்றில் மார்கழியிலேயே வெயில் காயும். அந்த ஐம்பது மழையையும் வாங்கி, எங்கள் ஓடைக்கென்று செய்து வைத்திருக்கும் நீரியல் மாடலுக்குள் ஒவ்வொன்றாக விடுவேன். மாடல் என்பது ஒரு புரோகிராம்தான். பெய்த மழையில் மண் எவ்வளவு குடிக்கும், ஓடையில் எவ்வளவு ஓடும், கீழே இறங்கிக் கிணற்றுக்கு எவ்வளவு போகும், வெயில் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று நாள் நாளாகக் கணக்குப் போடும். ஐம்பது மழை உள்ளே போனால் ஐம்பது கோடை வெளியே வரும். அதில் எத்தனை கோடையில் கிணறு பங்குனி வரை தாங்குகிறது, எத்தனையில் மாசியிலேயே வற்றுகிறது என்று எண்ணிப் பார்த்து ஊரில் போய்ச் சொல்வேன்.

ஆனால் மாடலுக்கு ஓடையின் குணம் தானாகத் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டும். போன வருடங்களின் மழையைக் கொடுத்து, அதே நாட்களின் ஓடை மட்டத்தையும் கொடுத்து, இரண்டும் பொருந்தி வரும்வரை உள்ளே இருக்கிற எண்களைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓடை மட்டம் எனக்கு அக்காவின் நோட்டிலிருந்து வந்தது.

அக்காவின் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில். ஓடைக்கு இந்தப் பக்கம் கரிசல், மக்காச்சோளமும் பருத்தியும். அந்தப் பக்கம் போகப் போக மண் வெளுத்து, சுண்ணாம்புக்கல் குழிகள் வந்துவிடும். பாலத்துத் தூணில் சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு பலகை அடித்திருக்கிறோம். பாலத்தை ஒட்டி முதல் வீடு அக்காவுடையது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பலகையைப் பார்த்து எழுத வேண்டும். வாசலில் இருக்கும் மழைமானியையும் பார்க்க வேண்டும். நோட்டில் ஐந்து கட்டம் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். தேதி, காலை மட்டம், மாலை மட்டம், மழை, குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்.

அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்கு ஆகாது. நான் ஏதோ ஒரு பழைய படிவத்தைப் பார்த்துப் போட்ட கட்டம் அது. அக்கா அதை ஒரு நாள்கூட வெறுமனே விட்டதில்லை. "எருமை இறங்கிச்சு, தண்ணி கலங்கல்." "பாலத்து மேல சாவு ஊர்வலம், அரை மணி லேட்டு." "செவலை கன்னு போட்டிருக்கு, கெடேரி." எழுத்து நுணுக்கி நுணுக்கி அடுத்த வரியில் ஏறி, என் எண்களை மறைக்கும். முதல் மாதமே போனில் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, எனக்கு நம்பர் மட்டும் போதும்க்கா. குறிப்புல கதையெல்லாம் எழுதாதீங்க."

"நீங்கதானே மேடம் கட்டம் போட்டுக் குடுத்தீங்க? சும்மா விட்டா நல்லாவா இருக்கு?"

அதற்குமேல் என்ன சொல்வது? விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் நான் செய்து வைத்த அட்டவணையில் நான்கு கட்டம்தான். நோட்டைப் பார்த்து டைப் செய்யும்போது போட்டோவை அப்படியே பெரிதாக்கி, கடைசிக் கட்டம் திரைக்கு வெளியே போய்விடுகிற மாதிரி நகர்த்தி வைத்துக்கொள்வேன். மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன்.

மாடல் அற்புதமாகப் பொருந்தி வந்தது. சித்திரையில்கூட எங்கள் ஓடையில் ஒரு சாண் தண்ணீர் நின்றது. மற்ற ஓடையெல்லாம் மாசியிலேயே மணலாகக் கிடக்க, இது மட்டும் ஓடுகிறதே என்று முதலில் எனக்கும் ஆச்சரியம்தான். பூமிக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகிற மண் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து, மாடலில் அந்த எண்ணைக் கூட்டினேன். வரைபடத்தில் மாடலின் கோடு அப்படியே நோட்டின் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. சார் "சூப்பர்மா" என்றார். நான் அந்தப் படத்தை பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

நான்காவது வருடம் ஐப்பசி மழை ஏனோதானோ என்று பெய்தது. அந்த மழையிலும் இரண்டு வாரம் போல் தொடர்ந்து தூறியது. அந்த நாட்களாகப் பார்த்து அக்காவின் நோட்டில் ஓடை மட்டம் இறங்குகிறது. மழை பெய்கிறது, ஓடை இறங்குகிறது! இரண்டு நாள் இல்லை, பதினொரு நாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போன் போட்டேன்.

"என்னக்கா இது? மழை பேஞ்சிருக்குன்னும் எழுதியிருக்கீங்க, ஓடை எறங்கியிருக்குன்னும் எழுதியிருக்கீங்க?"

"எறங்கித்தான் மேடம் இருக்கு."

"மழை பேஞ்சா ஏறும்க்கா, எப்படி எறங்கும்? பாலத்துக்குப் போய்ப் பாத்தீங்களா, இல்ல வூட்டுல ஒக்காந்துகிட்டே எழுதுனீங்களா?"

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. பிறகு, "போயித்தான் பாத்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மழையில் படியிறங்கச் சோம்பல், வீட்டிலிருந்தபடியே எழுதிவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். எங்கள் தொழிலில் அளவு பார்ப்பவர் தவறாக எழுதுவது நடக்கிற காரியம்தான். பொருந்தாத எண்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தை மாடல் சொல்லும் எண்களை வைத்து நிரப்பிக்கொள்வோம். தரவைச் சுத்தம் செய்வது என்று அதற்கு மரியாதையான பெயர் உண்டு. அக்காவின் பதினொரு நாளையும் சுத்தம் செய்தேன். அதன் பிறகு வந்த நாட்களும் குறைவாகவே இருந்தன, அவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

கார்த்திகையில் அந்த ஊரில் ஒரு வழக்கம். ஓடைக்கு இரண்டு பக்கமும் கிணறு வைத்திருக்கும் இருபது குடும்பம் போல் சாயங்காலப் பால் ஊற்றிவிட்டு, பால் சொசைட்டி வாசலில் கூடுவார்கள். தையில் யார் யார் கரும்பு நடுவது என்று அங்கேதான் முடிவாகும். ஒரு கிணற்றுக்காரர் கரும்பு போட்டு இறைத்தால் பக்கத்துக் கிணறு இறங்கும், அதனால் கூடிப் பேசாமல் யாரும் கரும்பில் கைவைக்க மாட்டார்கள். எறையூர் ஆலைக்குக் கரும்பு கொடுத்துப் பழகிய ஊர். என் கணிப்பைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று அந்த வருடம்தான் முதல்முதலாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐம்பது கோடையில் நாற்பதுக்கு மேல் கிணறு தாங்கும் என்று மாடல் சொல்லியிருந்தது. "மழை குறையத்தான் போகுது. ஆனா உங்க ஓடை தாங்கும், கிணறும் தாங்கும்" என்று எழுந்து நின்று சொன்னேன்.

கூட்டத்தில் விதைக்கடை பாய் இருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், இந்த ஊர் முக்கில் கடை, ஓடைக் கரையில் ஒரு துண்டு நிலமும் உண்டு. சிரித்துக்கொண்டே சொன்னார்: "துபாய்ல இருக்குற தம்பிக்குப் போன் போட்டா, அங்க மழைங்கிறான். இங்க நீங்க மழை இல்ல, ஆனா தண்ணி இருக்குங்கிறீங்க. காலம் கெட்டுக் கெடக்கு மேடம். சரி, இன்ஷா அல்லாஹ், நடக்கட்டும்."

அக்கா பால் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் போனில் பேசிய பேச்சுக்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் கலையும்போது மட்டும் பக்கத்தில் வந்து, "நெசமாத்தானே மேடம்?" என்று கேட்டார். "நெசம்தான்க்கா, தாராளமா போடுங்க" என்றேன்.

அவர் கேட்டதன் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. அக்காவுக்கு ஓர் ஏக்கர் சொச்சம், ஒரு கிணறு, நான்கு மாடு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வந்தால் அதிகம். நிலம் முழுக்க மாட்டுக்குத் தீவனப் புல்தான். தினமும் குனிந்து அறுத்து அறுத்து முட்டி போய்விட்டது. கரும்பென்றால் தினமும் குனிய வேண்டாம். புல்லை உழுதுபோட்டுக் கரும்பு வைத்துவிட்டு, கரை ஓரத்துப் புல்லையும் வாங்கிய வைக்கோலையும் வைத்து மாட்டை ஓட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு. கிணறு தாங்கினால் சரி. தாங்காவிட்டால் கரும்பும் காயும், உழுத புல்லும் திரும்பி வராது, வறட்சியில் வைக்கோலும் கிடைக்காது. நான்கு மாட்டையும் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான். நான்கும் அவர் வீட்டில் பிறந்த மாடு. புல்லை உழ டிராக்டருக்குச் சொல்லிவிட்டார், அடுத்த வியாழக்கிழமைக்கு.

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறும் சத்தம். பார்த்தால் அக்கா. கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் நான்கு வருட நோட்டு. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் வூட்டுல ஒக்காந்து எழுதலன்னு காட்டத்தான் வந்தேன். மழையில வழுக்கி விழுந்து முட்டி வீங்கிக் கெடந்தப்பகூட போயித்தான் பாத்தேன். போன்ல சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க."

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுக்கா. அந்தப் பதினோரு நாளை நான் கணக்குலேயே எடுத்துக்கல, விடுங்க" என்றேன், ஏதோ பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிற மாதிரி.

அக்காவின் முகம் மாறியது. "எடுத்துக்கலயா? அப்ப அதை எடுத்துக்காமயா கெணறு தாங்கும்னு சொன்னீங்க? ஓடை எறங்குனதையும் சேத்துத்தான் கம்ப்யூட்டர் தாங்கும்னு சொல்லுதுன்னுல்ல நான் நெனச்சுகிட்டிருக்கேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் போட்டார். மேடம் என்கிற மரியாதை போய்விட்டது. "ஏம்மா, நான் எழுதுனத நீ படிச்சியா இல்லையா? இந்தா, படி. வாய் விட்டுப் படி."

படித்தேன். முதல் வருட நோட்டு, மாசி மாதம், கடைசிக் கட்டம். "குவாரி தண்ணி விட ஆரம்பிச்சாங்க. ஓடை நாலு விரல் ஏறிச்சு." அடுத்த நாள், "குவாரி தண்ணி." அதற்கடுத்த நாள், "குவாரி தண்ணி." பக்கம் பக்கமாக. பங்குனியில் ஒரு நாள், "கரண்ட் இல்ல, குவாரி மோட்டார் ஓடல, ஓடை எறங்கிச்சு. சாயங்காலம் மறுபடி வந்துருச்சு." அந்த நாளும் எனக்கு நினைவிருந்தது. அதையும் நான் அப்போதே தவறு என்று எடுத்திருந்தேன். கடைசி நோட்டு, ஐப்பசி. "குவாரி மோட்டாரைக் கழட்டி லாரில ஏத்திட்டாங்க. அந்தக் குழில கல்லு முடிஞ்சிருச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரு. ஓடை எறங்குது." மறுநாள், "மழை பேஞ்சும் எறங்குது." பதினொரு நாளும் தாண்டி, "மேடம் திட்டுனாங்க. எறங்கித்தான் இருக்கு."

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். மேலே ஒரு சுண்ணாம்புக்கல் குழியில் தோண்டத் தோண்ட ஊற்று வரும், அதை மோட்டார் வைத்து ஓடையில் விடுவார்கள். மூன்று கோடையும் எங்கள் ஓடையில் ஓடியது அந்தத் தண்ணீர். கரையில் இருந்த கிணறுகள் வற்றாமல் இருந்ததும் அதனால்தான். ஊருக்கே தெரிந்த சங்கதி. எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள், ஏனென்றால் தினம் எழுதி அனுப்பியிருக்கிறதே! நான் அதை மண்ணின் குணம் என்று நினைத்து மாடலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது மோட்டாரே போய்விட்டது, மாடல் மட்டும் இல்லாத தண்ணீரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"டிராக்டர் நாளான்னிக்கு" என்றார் அக்கா. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு முழுக்க அவர் போகவில்லை. நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட, "இது குவாரி தண்ணி, இது மழைத் தண்ணி, இது மேல ஏரி மதகு தொறந்தது" என்று அவரே பிரித்துக் கொடுத்தார். குறிப்பில் எழுதியிருந்ததால் எந்த நாளில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரிந்தது. குறிப்பு மட்டும் இல்லையென்றால் நான் தலைகீழாக நின்றாலும் அதைப் பிரித்திருக்க முடியாது. நடுவில் கீழேயிருந்து டீயும் பன்னும் வந்தன. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து ஏதோ கிண்டலாகச் சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். குவாரித் தண்ணீரைக் கழித்துவிட்டு மாடலுக்கு ஓடையை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்து, ஐம்பது மழையையும் மறுபடி விட்டேன். சாயங்காலம் நான்கரை மணிக்கு முடிவு வந்தது. ஐம்பதில் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற அளவுதான் பங்குனியைத் தொட்டது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வத்திரும்ல?"

"வத்திரும்க்கா. மாசியிலேயே." அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களைப் போய் அப்படிக் கேட்டுட்டேனே. மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிப்பு கெடக்கட்டும்மா. மொதல்ல எல்லாருக்கும் சொல்லு. நம்பி நாலு பேரு வெதக்கரும்புக்குச் சொல்லி வெச்சிருக்காங்க."

சாருக்குப் போன் செய்தேன். கணிப்பு அறிக்கை அதற்குள் மேலே போய்விட்டிருந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "தப்புன்னா தப்புன்னு போய்ச் சொல்லிடும்மா. மேல நான் பேசிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதருக்கும் நான் நன்றி சொன்னதில்லை, இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் அதே பால் சொசைட்டி வாசல். நான் சொன்னது தப்பு, குவாரித் தண்ணீரைக் கணக்கில் பார்க்காமல் விட்டுவிட்டேன், கிணறு தாங்காது, கரும்பு வேண்டாம் என்று சொல்லி முடித்தேன். பாய்தான் ஆரம்பித்தார்: "போன வாரம் தாங்கும்னீங்க, இந்த வாரம் தாங்காதுங்கிறீங்க. அடுத்த வாரமும் ஒரு நடை வந்து கேட்டுட்டுப் போகவா மேடம்?" எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் நான் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒருவர் சிரிக்காமல் எழுந்தார். "எங்க நெலத்த வெச்சு வெளையாடுறீங்களாம்மா? கம்ப்யூட்டரைத் தட்டிட்டு நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அக்கா எழுந்தார். "அந்தம்மா கணக்கு சரியாத்தான் போட்டுச்சு. நான் எழுதுன குறிப்பத்தான் படிக்கல. இப்பப் படிச்சிருச்சு. நான் என் புல்லை உழல, டிராக்டர் வேணாம்னு காலையிலேயே சொல்லிட்டேன். நீங்க உங்க இஷ்டம்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அவரைப் பொய் எழுதுகிறவர் என்று சொன்னதை அவர் அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த ஊரில் என் பேச்சு அன்றோடு முடிந்திருக்கும், நியாயமாகவே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. நான்தான் இப்போது சொல்கிறேன்.

பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நான் கம்பு போடுறேன். உளுந்து, தீவனச் சோளம் யாருக்கு வேணும்னு சொல்லுங்க, நாளைக்கே விதை எறக்குறேன்" என்றார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். இரண்டு குடும்பம் மட்டும் கரும்புதான் என்று நின்றது. அதற்கு யார் என்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இருந்தது என்று சொன்னால் பொய். ஐம்பதில் ஒரு கையளவு தாங்கும் என்றும் மாடல் சொல்லியிருந்ததே. மழை பெய்துவிட்டால்? கரும்பைக் கெடுத்தது இந்தம்மா என்று ஆகிவிடுமே. மார்கழியில் ஒரு நாள் பெரம்பலூரில் பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலருகே நின்று, பெய்யக் கூடாது, பெய்யக் கூடாது என்று நினைத்தேன். வறட்சியிலிருந்து ஜனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்! சை என்றாகிவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டு அதையும் சொன்னேன். "அடிப்பாவி, பேஞ்சா பேயட்டுமேம்மா. மழை பேஞ்சா யாருக்கு நஷ்டம்? நீ உன் பேருக்குல்ல பாக்குற" என்று சிரித்தார். அந்த மேகம் நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

தை முடிவில் ஓடை இரண்டு விரல். மாசியில் பாலத்துக்குக் கீழே மணல்.

பங்குனியில் ஒரு காலை அக்கா வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் ஒரு கரும்பு வயல் வெளிறிக் கிடந்தது, அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை. அந்த வயல்காரர் காய்ந்த கரும்பை வெட்டி ஊர் மாட்டுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாயின் கம்பு அறுத்து முடிந்திருந்தது. அக்காவின் கிணற்றில் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு வட்டம் போல் தண்ணீர். காலையில் இருபது நிமிஷம் மோட்டார் ஓடும், பிறகு ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிஷத்தில் மாடு குடிக்கத் தண்ணீர், கிணற்றை ஒட்டிப் பிழைத்திருந்த புல்லுக்கு ஒரு பாய்ச்சல். மீதி நிலத்துப் புல்லை மாசியிலேயே அறுத்து, காயவைத்துப் போர் போட்டிருந்தார். போர் என் தலைக்கு மேல் நின்றது.

டீ கொடுத்தார். தண்ணீர் கலக்காத பால். குடித்துக்கொண்டே, எப்படியோ வார்த்தையைத் தேடிப் பிடித்து, நன்றி சொன்னேன். அப்போதுதான் "அட போம்மா" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். செவலையும் அதன் கெடேரியும் இன்னும் இரண்டும் வரிசையாக நின்று குடித்தன. அது முடிந்ததும் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, "வா, நேரமாச்சு" என்று பாலத்துக்குக் கிளம்பினார்.

ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டிலிருந்தே எழுதியிருக்கலாம். ஆனாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, பலகைக்கு நேராக நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதினார். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் நோட்டை வைத்து, கடைசிக் கட்டத்தில் கொஞ்ச நேரம் நுணுக்கி நுணுக்கி எழுதினார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார். இப்போதெல்லாம் அப்படித்தான், என்னை வாய் விட்டுப் படிக்கச் சொல்லாமல் விடுவதில்லை.

"படிம்மா."

காலை மட்டம் பூஜ்யம். மழை பூஜ்யம். குறிப்பு: தண்ணி இல்ல. நாலு மாடும் இருக்கு.